உள்ளங்கைச் சூடு

தம்பி மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். விடியற்காலை ஐந்து மணி, ஊட்டிக் குளிர்.

நர்ஸ் அக்கா ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினார். அப்புறம்தான் அவன் வயிற்றில் வைத்தார்.

"குடல் சத்தம் நல்லா கேக்குது கண்ணு. காத்துப் பிரிஞ்சா சொல்லு, கஞ்சி குடிக்கலாம்."

வயிற்று ஆபரேஷனுக்குப் பின் குடல் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். அது விழிக்கத்தான் வீடே காத்திருக்கிறது.

இரவு முழுக்க அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்?" என்றேன். சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

வேலை அழுத்தம் தீராமல் வரும் இந்தச் சோர்வை 2019-இல் உலக சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்த நிலை என்றது. சரிதான். யோகா வகுப்பைவிட அவருக்கு முதலில் வேண்டியது இன்னொரு நர்ஸ்.

அடுத்த கட்டிலுக்குப் போனார். மறுபடி உள்ளங்கையைப் பொத்தினார்.