டிஏஏ-வை அணைத்தால் முடி ஏன் புள்ளி புள்ளியாகிறது?

புதிய கேம் பலவற்றில், செட்டிங்ஸில் டிஏஏ-வை (அடுத்தடுத்த ஃப்ரேம்களை, அதாவது படங்களைக் கலந்து விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுப்பும் வசதி) அணைத்துவிட்டுக் கதாபாத்திரத்தின் தலைமுடிக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முடி நுனி சதுரங்கப் பலகை மாதிரி ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் ஓட்டையாகத் தெரியும். அது பிழை அல்ல. டிஏஏ அடைத்துக்கொள்ளும் என்று நம்பி, வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள்.

இதன் வேர் டிஃபர்டு ரெண்டரிங் என்ற வரையும் முறையில் இருக்கிறது. ஃபார்வர்டு முறையில் ஒரு பொருளை வரையும்போதே அதன்மேல் விழும் வெளிச்சத்தையும் கணக்கிட்டுவிடுவார்கள். எளிய வடிவில் விளக்கு கூடக்கூடச் செலவு எகிறும். டிஃபர்டு முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம், பரப்பு நோக்கும் திசை, சொரசொரப்பு, ஆழம் ஆகியவற்றை முதலில் ஜி-பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் எழுதிவைத்து, வெளிச்சத்தைப் பிறகு போடுவார்கள். நூறு விளக்கு எரியும் இரவுத் தெருவுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் ஜி-பஃபரில் ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு பரப்புக்குத்தான் இடம். பாதி முடி, பாதி பின்னணி என்று எழுத முடியாது. கண்ணாடியையும் புகையையும் கடைசியில் தனியாக ஃபார்வர்டில் வரைந்து சமாளிக்கலாம். முடிக்கும் இலைக்கும் அது கட்டுப்படியாகாததால் பலர் டித்தரிங்கில் இறங்குகிறார்கள்: பாதி ஒளிபுகும் பரப்புக்குப் பதில், சில பிக்சலை வரைந்து சிலவற்றை ஓட்டையாக விடுவது.

ஒரு பிக்சலுக்குள் பல இடங்களில் மாதிரி எடுத்து விளிம்பை மென்மையாக்கும் பழைய முறையான எம்எஸ்ஏஏ காணாமல் போனதற்கும் டிஃபர்டு முறையே பெரிய காரணம். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். ஜி-பஃபரில் நான்கு 32 பிட் டார்கெட் (எழுதும் அடுக்கு), ஒரு 32 பிட் டெப்த் (ஆழம்) என்றால் பிக்சலுக்கு 20 பைட், மொத்தம் சுமார் 41 மெகாபைட். 4 மடங்கு எம்எஸ்ஏஏ போட்டால் 166. அதை ஒவ்வொரு ஃப்ரேமும் எழுதிப் படிக்கவும் வேண்டும். எம்எஸ்ஏஏ குறையில்லாததும் அல்ல: நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் நிரல் பிக்சலுக்கு ஒருமுறைதான் ஓடுவதால், ஈரத் தரையின் மினுமினுப்பை அது தொடவே தொடாது.

டிஏஏ ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவாக நகர்த்தி, பழைய படத்தோடு புதியதை 5 முதல் 10 சதவீதம் வரை கலக்கிறது. 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பழைய படத்தின் சாயல் பத்தில் ஒரு பங்காகக் குறைய 22 ஃப்ரேம் ஆகும். விநாடிக்கு 60 ஃப்ரேமில் ஓடினால் அது 0.37 விநாடி, 30-இல் ஓடினால் 0.73. அதே செட்டிங் 30 ஃப்ரேமில் அதிகம் இழுவுவது இதனால்தான். பக்கத்து பிக்சல்களின் நிறத்துக்குள் பழைய நிறத்தை அடக்கிவைக்கும் கிளாம்பிங் இதை வெகுவாகக் குறைக்கும், ஒழிக்காது.

வால் விடும் கோஸ்டிங் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோஷன் வெக்டரை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் முந்தைய ஃப்ரேமில் எங்கே இருந்தது என்ற குறிப்பை. மழைத்துளி, தீப்பொறி, கேமுக்குள் ஓடும் டிவி திரை ஆகியவை பெரும்பாலும் அதை எழுதுவதில்லை. காற்றில் ஆடும் இலைக்கு, முந்தைய ஃப்ரேமில் காற்று எங்கே தள்ளியது என்பதையும் வெர்டெக்ஸ் ஷேடரில் (வடிவத்தின் முனைகளை நகர்த்தும் நிரல்) கணக்கிட வேண்டும். அதை விட்டால் மரமே குழைந்துவிடும். கேமரா வெட்டி மாறும் இடத்தில் பழைய படத்தைத் தூக்கி எறியவும் மறக்கக்கூடாது.

அடிக்கடி தவறவிடுவது மிப் பயஸ். ஒவ்வொரு டெக்ஸ்சருக்கும் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) மிப் எனப்படும் சிறிய பிரதிகள் உண்டு; எந்தப் பிரதியை எடுப்பது என்பதைச் சற்று மாற்றும் எண் இது. 1080-இல் வரைந்து 4கே-க்கு ஏற்றினால், டெக்ஸ்சர்கள் 1080-க்கு உரிய மங்கலான மிப்பையே எடுக்கும். அகல விகிதம் 0.5, அதன் இரண்டடிமான மடக்கை −1. அதைக் கொடுத்தாலே செங்கல் சுவர் தெளியும். −2 வரை போனால் கம்பிவலையும் சரளைக்கல்லும் புள்ளி புள்ளியாக மினுமினுக்கத் தொடங்கும்.

2020-இல் வந்த விஆர் கேமான ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் வேறு வழியில் போனது. ஃபார்வர்டு, எம்எஸ்ஏஏ, பெரும்பாலும் முன்பே சுட்டுவைத்த, அதாவது கணக்கிட்டுப் பதித்துவைத்த வெளிச்சம். விஆர் கண்ணாடியில் கண்ணுக்கு வெகு அருகே தெரியும் படத்துக்கு அந்தக் கூர்மை அவசியம். பதிலுக்கு, சூரியன் நகர்ந்து பொழுது சாயும் உலகத்தை அந்த முறையில் எளிதில் கட்ட முடியாது.