குப்பத்துல இருந்து காவலூர் வரைக்கும்: என் பிஎச்டி அனுபவம்

எங்க குப்பம் பக்கம் எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்ச புள்ளைங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான், "அக்கா, நான் அஸ்ட்ரானமி பேப்பரே படிச்சதில்லையே, பிஎச்டிக்கு எடுப்பாங்களா?" எடுப்பாங்க. நானும் படிச்சதில்ல. வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, திருப்பதில எம்எஸ்சி, அவ்ளோதான்.

பிஎச்டி சேர ஜெஸ்ட், கேட், சிஎஸ்ஐஆர் நெட்னு எந்த பரீட்சை எழுதினாலும் மெக்கானிக்ஸ், குவாண்டம், ஸ்டாட் மெக் (ஸ்டாடிஸ்டிகல் மெக்கானிக்ஸ்) இதையே தான் சுத்தி சுத்தி கேப்பாங்க. நெட்ல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் கெடச்சா மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷம் கழிச்சு அதுக்கு அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. இந்தக் காசு வந்ததாலதான் எங்க வீட்ல மேல படிக்க விட்டாங்க, அதனால இதை மொதல்ல சொல்லிடறேன்.

பெங்களூர் இன்டர்வியூல என்னை கேட்டது ஒரே ஒரு பெரிய கேள்வி. எல்லா ஸ்டார்லயும் ஹைட்ரஜன் தான ஜாஸ்தி, அப்புறம் ஏன் வேகாங்கிற ஸ்டார்ல பாமர் லைன் (ஸ்பெக்ட்ரத்துல ஹைட்ரஜனால விழற கோடு) அவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு, சூரியன்ல வீக்கா இருக்கு? எந்த சூட்டுல எவ்ளோ அணு மேல் லெவலுக்கு ஏறும்னு சொல்ற போல்ட்ஸ்மேன் ஃபேக்டரை போர்டுல எழுதி ஆரம்பிச்சேன். பாமர் லைன் வரணும்னா எலக்ட்ரான் ரெண்டாவது லெவல்ல இருக்கணும், அங்க ஏற 10.2 எலக்ட்ரான் வோல்ட் வேணும், சூரியனோட மேற்பரப்பு 5,800 கெல்வின்கிட்ட தான், அந்த சூட்டுல ஏறுறது ரொம்ப கம்மி, வேகா மாதிரி 10,000 கிட்ட போகப் போக கூடும். அதுக்கும் மேல போனா எலக்ட்ரானே கழண்டு போயிடும், லைன் திரும்ப கொறையும், அங்கதான் 1920ல நம்ம நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாகா எழுதின ஈக்வேஷன் வருது. நான் சொன்ன எல்லாமே எம்எஸ்சி ஸ்டாட் மெக் நோட்டுல இருந்தது தான்!

சேந்த பிறகு ஒரு வருஷம் கோர்ஸ்வொர்க், அது ஓடிடும். அப்புறம் தான் நெஜமான வேலை. வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைல காவலூர், அங்க 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப், 1986ல தொறந்தது. ப்ரபோசல் எழுதி நைட் வாங்கணும், மேகம் வந்தா அந்த நைட் போனது போனதுதான், அதனால டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கேளுங்க. ராத்திரி பூரா தூங்காம ஸ்டாரோட ஸ்பெக்ட்ரம் எடுத்து நடுநடுவுல தோரியம் ஆர்கான் விளக்கு போட்டு வேவ்லெங்த் அளவு புடிச்சு, கேமராவோட கொறைய சரி பண்ண எடுக்கற பயஸ், ஃபிளாட் படங்க எல்லாம் சேத்து எடுத்துட்டு வந்தா, அதை பைத்தான்ல சுத்தம் பண்ணவே மாசக்கணக்குல ஆகும். ஆனா முதல் தடவை என் சொந்த டேட்டாவுல பாமர் லைன்ல ஒண்ணான ஹெச் ஆல்ஃபா லைன் பள்ளமா எறங்கி நின்னப்போ, போர்டுல நான் எழுதினது அங்க நெசமா இருந்துச்சு, அந்த சந்தோஷம் வேற.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. ஃபெல்லோஷிப் மொத்தமே அஞ்சு வருஷம், அதுக்கப்புறம் தீசிஸ் பாக்கி இருந்தா கைல காசு இருக்காது. நாலாவது வருஷமே ஒரு சாப்டராவது எழுதி கைடுகிட்ட குடுத்துடுங்க, பேப்பர் வரட்டும்னு காத்திருக்காதீங்க.