முன்பனி

ஜனவரி 5, 2024

மெயில் இல்லை.

ஜனவரி 8

மாலை வகுப்பில் புதுக் கதை கொடுத்திருக்கிறார்கள். ஜாக் லண்டன் எழுதியது, 'டு பில்ட் எ ஃபயர்', 1908. ஒரு ஆள், ஒரு நாய், கனடாவின் வடக்கே யூகான் பனிக்காடு. ஹென்டர்சன் ஓடைப் பக்கம் இருக்கும் கூட்டாளிகளின் முகாமுக்கு மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புகிறான். சேரவில்லை. கதை அவ்வளவுதான், ஆனால் பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

29ஆம் தேதிக்குள் கட்டுரை. களம், பாத்திரம், முரண், நோக்குநிலை, முன்னறிகுறி, முரண்நகை, மையக்கருத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியாம். கோழியை வெட்டித் துண்டு துண்டாகத் தட்டில் அடுக்கிக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. வெறுமனே 'அந்த ஆள்'. நாய்க்கும் இல்லை. கதைக்குள் வரவே வராத ஒருவனுக்கு மட்டும் பட் என்று பெயர் இருக்கிறது, மூக்குக்கு வார் கட்டிக்கொள்கிற ஆள்.

ஜனவரி 9

பெயர் ஏன் இல்லை?

ஜனவரி 10

மாடியில் இருக்கும் அண்ணன் இறங்கி வந்து, வார இறுதியில் எட்மன்டனில் மைனஸ் நாற்பது தாண்டுமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். "தம்பி, வேலை முடிஞ்சா எனக்கு ஒரு ஃபோன் அடியும். தனிய நடந்து வராதையும்." சரி அண்ணா என்றேன். முப்பது வருஷமாக இந்தக் குளிரைப் பார்த்தவர். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு புதுப் பொடியனுக்கு இதையே சொல்லியிருப்பார்.

கதையிலும் சல்ஃபர் கிரீக்கில் ஒரு கிழவர் இருக்கிறார். ஃபாரன்ஹீட்டில் மைனஸ் ஐம்பதுக்குக் கீழே போய்விட்டால் துணையில்லாமல் கிளம்பாதே என்று சொன்னவர். நம் செல்சியஸ் கணக்கில் அது மைனஸ் 46. அந்த ஆள் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டான், கிழவர்கள் கொஞ்சம் பெண்பிள்ளைத்தனமாகப் பயப்படுகிறார்கள் என்று. வகுப்பில் இதை முன்னறிகுறி என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். எனக்கு அது அறிகுறியாகப் படவில்லை. மாமனார் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு நம் இஷ்டப்படி செய்வோமே, அப்படித்தான் தெரிந்தது.

ஜனவரி 12, இரவு 1.20

விரல் எரிகிறது, தூக்கம் வரவில்லை, இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் பஸ் போய்விட்டது, அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து. வீட்டுக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். அண்ணன் தூங்கியிருப்பார், எழுப்ப வேண்டாம், இருபத்தைந்து நிமிடம்தானே. இந்த 'தானே'தான். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, மூக்குக்குள் முடி உறைந்து குத்தியது, அது வேடிக்கையாகக்கூட இருந்தது. பாதி வழியில், ஊரில் இப்போது பகல் பன்னிரண்டு ஆகப்போகிறது, பாப்பா பள்ளியில் இருப்பாள், செல்வி தனியாக இருப்பாள் என்று தோன்றி, வலது கையுறையைக் கழற்றிவிட்டு மெசேஜ் அடிக்க ஆரம்பித்தேன். 47 சதவீதம் காட்டிய ஃபோன் கையிலேயே செத்துப்போனது. குளிரில் பேட்டரி அப்படிப் போகும் என்று தெரியும், யாரோ சொல்லியிருக்கிறார்கள், தெரிந்தும் அங்கேயே நின்று பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடமா இரண்டு நிமிடமா தெரியாது. அப்புறம் கையுறைக்குள் விரல் போக மறுத்தது. வீட்டு வாசலில் சாவி கையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, பிடித்திருக்கிறேனா என்று கைக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கதவை உதைத்தேன்.

விரல் நுனி மூன்றும் மெழுகுவத்தி மாதிரி வெள்ளை. நான் தேய்க்கப் போனேன், அண்ணன் கத்தினார். "தேய்க்காதையும்! உமக்கென்ன விசரே? இளஞ்சூட்டுத் தண்ணியில வையும்." வைத்தேன். உயிர் திரும்பி வரும்போதுதான் வலி. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, விரல் நிறம் மாறும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே போய்விட்டார்.

கதையில் அந்த ஆள் நிற்கிறோமா என்று தெரிந்துகொள்ளக் குனிந்து தன் காலைப் பார்ப்பான். அது மிகை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

ஜனவரி 13

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் அலறியது. மாநிலம் முழுக்க அவசரச் செய்தி: மின்சாரம் போதவில்லை, வேண்டாத விளக்கை அணையுங்கள், காரைச் சார்ஜ் போடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஹீட்டர் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றால் என்ன செய்வது என்று ஒரு திட்டமும் என்னிடம் இல்லை.

அதற்கு முன்னால், பகலில் ஒரு கிறுக்குத்தனம். கதையில் எச்சில் துப்பினால் தரையைத் தொடும் முன் காற்றிலேயே வெடித்துச் சத்தம் போடும் என்று வருகிறது. பின்வாசலில் நின்று துப்பிப் பார்த்தேன். வெடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

அந்த எச்சிலை வைத்துத்தான் ஐம்பதுக்கும் கீழே என்று அவன் தெரிந்துகொள்கிறான். உண்மையில் அன்றைக்கு ஃபாரன்ஹீட்டில் மைனஸ் எழுபத்தைந்து. உறைநிலை 32 என்பதால் உறைநிலைக்கும் 107 பாகை கீழே. இந்தக் கணக்கு கதை சொல்பவருக்குத் தெரியும், படிக்கிற நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, நாய்க்கும் தெரியாது. ஆனால் நாய் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறது. நோக்குநிலை என்கிற பத்தியில் இதைத்தான் எழுத வேண்டும்: கதை சொல்பவர் அவன் தலைக்குள்ளும் போகிறார், நாயின் தலைக்குள்ளும் போகிறார், நாயின் தலையில்தான் விஷயம் இருக்கிறது.

ஜனவரி 14

போகி. கொளுத்த ஒன்றும் இல்லை. அண்ணனிடம் சொன்னால், "எங்கட ஊரில போகி இல்லை தம்பி, பொங்கல் மட்டும்தான்."

நெருப்பு. அவன் மூன்று முறை நெருப்போடு மல்லுக்கட்டுகிறான். பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்காரும்போது மூட்டுவது முதலாவது, அது ஒழுங்காக எரிகிறது. அப்புறம் பனிக்கு அடியில் மறைந்திருந்த தண்ணீரில் முழங்காலுக்குப் பாதிவரை நனைந்து, காலணியைக் காய வைக்க மூட்டுவது இரண்டாவது. அதை ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் மூட்டுகிறான். ஏன்? சுள்ளி அங்கேதான் கைக்கெட்டுகிறது, இழுத்து இழுத்து நேரே தீயில் போடலாம். சோம்பேறித்தனம்கூட இல்லை, சௌகரியம். மேலே கிளையெல்லாம் வாரக்கணக்காகச் சேர்ந்த பனி. ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் துளி அசைகிறது. அவன் 'நான் தப்பித்துவிட்டேன்' என்று கிழவரை நினைத்துச் சிரிக்கிறான், அப்போது ஒரு கிளை தன் பனியைக் கொட்ட, அது கீழ்க்கிளையில் விழ, அதுவும் கொட்ட, மொத்த மரமும் தீயின் மேல் இறங்கிவிடுகிறது.

இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஏழு பத்தி கேட்கிறார்களே, இந்த ஒரு இடத்தில் எல்லாம் இருக்கிறதே. மரமும் பனியும் களம். கைக்கெட்டியதைப் பிடித்து இழுக்கிறவன் பாத்திரம். சுள்ளி இழுக்கும்போதெல்லாம் அசைகிற மரம் முன்னறிகுறி. சிரிக்கிற நேரத்தில் விழுவது முரண்நகை. இதை எப்படித் தனித்தனியாகப் பிரிப்பது? பிரித்தால் மரம் ஒரு பத்தியிலும் பனி வேறொரு பத்தியிலும் கிடக்கும், தீ அணையவே அணையாது.

மூன்றாவது நெருப்புக்கு எழுபது தீக்குச்சியையும் கட்டாக ஒரே நேரத்தில் உரசி, உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடிக்கிறான். சதை எரிகிற வாசனை வந்துதான் கை எரிவது தெரிகிறது. இன்றைக்கு அதைப் படிக்க முடியவில்லை. என் மூன்று விரலிலும் தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது.

ஜனவரி 15

மின் அடுப்பில் பொங்கல். பொங்கியதா என்று செல்வி கேட்டாள். பொங்கியது என்றேன். பொய். குக்கரில் வைத்தேன்.

ஜனவரி 17

இந்தக் கதைக்கு முந்தின வடிவம் ஒன்று இருக்கிறது! 1902, 'தி யூத்ஸ் கம்பானியன்' என்ற சிறுவர் பத்திரிகையில் வந்தது. அதே தலைப்பு, அதே குளிர், ஆனால் நாய் கிடையாது, ஆளுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு, அவன் பிழைத்துக்கொள்கிறான். தனியாகப் போகக் கூடாது என்று பாடமும் கற்றுக்கொள்கிறான். ஆறு வருஷம் கழித்து லண்டன் அதே கதையை எடுத்து, பெயரை உருவி எறிந்து, நாயைக் கொண்டுவந்து விட்டு, ஆளைக் கொன்றுவிட்டார்.

ஆக, பெயர் இருந்தவன் பிழைத்தான்.

கிளாண்டைக் தங்க வேட்டைக்கு 1897இல் லண்டன் போனபோது வயது 21. ஸ்டூவர்ட் ஆறு யூகான் ஆற்றில் சேருகிற இடத்தில், ஹென்டர்சன் ஓடைக்குப் பக்கத்தில்தான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். தங்கம் கிடைக்கவில்லை, ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி ஊர் திரும்பினார். இந்த எட்மன்டனிலிருந்தும் அப்போது கூட்டம் கூட்டமாகக் கிளம்பியிருக்கிறார்கள், இங்கிருந்து தரைவழியாகப் போய்விடலாம் என்று ஆசை காட்டப்பட்டு. பெரும்பாலோர் போய்ச் சேரவேயில்லை. அவர்கள் வீட்டில் எத்தனை பேர் கடிதத்துக்குக் காத்திருந்தார்களோ.

மெயில் இல்லை.

ஜனவரி 20

நேற்று ராத்திரி பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று திணை ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழய்யா பலகையில் மூன்று கோடு போட்டு எழுதுவார்: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், விலங்கு, தொழில், தெய்வம் கருப்பொருள். மனசுக்குள் நடப்பது உரிப்பொருள். இந்தக் கதைக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். (தீம் என்பதற்கும் நாம் கருப்பொருள் என்றே எழுதித் தொலைக்கிறோம், அது தனி எரிச்சல்.)

பனிக்காட்டுக்குத் திணை ஏது என்று முதலில் தோன்றியது. அப்புறம் பாலை. பாலைக்குச் சொந்தமாக நிலமே கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டால் அதுதான் பாலை. வெயிலில் கெடலாம் என்றால் குளிரில் ஏன் கெடக் கூடாது? பொழுது நண்பகல். இவன் ஓடை பிரியும் இடத்துக்கு வருவதும் பன்னிரண்டரைக்குத்தான், சூரியனே இல்லாத நண்பகல். பருவம் வேனில் என்று சொல்லிவிட்டுத் தொல்காப்பியர் பின்பனியும் பாலைக்கு உரியது என்று ஒரு வரி சேர்க்கிறார். அந்த வரி எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கருவுக்கு நாய், ஸ்ப்ரூஸ்.

உரிப்பொருளில்தான் கதை மாட்டிக்கொள்கிறது. பாலைக்குப் பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் ஒருபக்கம், அவன் நடக்கிற வழியை நினைத்து நினைத்து வீட்டில் உருகுகிறவள் ஒருபக்கம். லண்டன் கதையில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. அவனை நினைத்து எங்கேயும் யாரும் அழவில்லை. பெயர் இல்லாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் வைக்கவில்லை.

செல்வியிடம் இதைச் சொன்னேன். "ராத்திரி ஷிஃப்ட்ட விட்டுத் தொலைங்கன்னா திணை திணைன்னுட்டு" என்றாள்.

ஜனவரி 21

'மனிதன் எதிர் இயற்கை' என்று எழுத மாட்டேன். இயற்கை அங்கே சண்டைக்கே வரவில்லை. சும்மா இருக்கிறது. கடைசியில் நாயைக் கொன்று அதன் சூட்டில் கையை நுழைத்துக்கொள்ளலாம் என்று பிடிக்கிறான், பிடித்தும் விடுகிறான், கத்தியை உருவ விரல் இல்லை. அந்த நாய்கூட அவனை வெறுக்கவில்லை. அவன் செத்த வாசனை வந்ததும் கொஞ்சம் ஊளையிட்டுவிட்டு, சோறும் நெருப்பும் தருகிற வேறு ஆட்கள் இருக்கும் முகாமைப் பார்த்து ஓடுகிறது.

ஜனவரி 24

மெயில் இல்லை. இன்றைக்குப் பதினோரு முறை பார்த்தேன்.

ஜனவரி 29

கொடுத்துவிட்டேன். ஏழு பத்திதான், கேட்ட வரிசையில்தான். பிடிவாதம் பிடிக்கத் தெம்பில்லை. மரத்தை மட்டும் ஏழிலும் போட்டேன். திணையை ஒரு பத்தியில் ஒளித்து வைத்தேன், பாலை என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நாலு வரி ஆனது. வெளியே பனி உருகித் தெருவில் ஓடுகிறது. இதே ஊர்தானா.

பிப்ரவரி 8

கட்டுரை திரும்பி வந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்று. 'மரம் திரும்பத் திரும்ப வருகிறது' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார் மிஸ். பாலைப் பத்தியின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அதன் கீழே 'இன்னும் சொல்லுங்கள்'. சொல்லவா? யாரிடம் ஆரம்பிப்பது?

பிப்ரவரி 13

மாசி ஒன்று. பின்பனி பிறந்துவிட்டது என்று காலையில் செல்விக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

இப்போது ராத்திரி பத்தரை, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உருகின பனி மறுபடி உறைந்து வாசல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. அண்ணன் குப்பைப் பையைப் போட வெறும் செருப்போடு இறங்கிச் சறுக்கி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பூட்ஸ் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "ரெண்டு எட்டுத்தானே எண்டு போனனான்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்காமல். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினில் தேநீர் எடுத்துக் கொடுத்தேன், இடது கையால் வாங்கிக்கொண்டார். எக்ஸ்ரேக்கு எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். ஃபோனில் 12 சதவீதம்தான் இருக்கிறது, மெயிலை ஒரு தடவை பார்த்துவிட்டு