ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். கொழுந்து வரவு, தூள் செலவு, சம்பளம் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. விறகு மட்டும் இன்னும் நீள நோட்டில்தான். விறகு லாரி வந்தால் எடை போடும்போது நானும் கூட நிற்க வேண்டும். எங்கள் முதலாளிக்கு மனிதர்களைவிட விறகு மேல்தான் சந்தேகம் அதிகம்.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. வெட்டிய கையோடு வரும் கற்பூர மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள், எங்களுக்குக் கற்பூர மரம். ஹீட்டரில் விறகு போடும் அண்ணன் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பார். காய்ந்தது ‘டங்’ என்று கேட்கும், பச்சை ‘தொப்’ என்று அமுங்கும். பச்சைக் கட்டையை அடுப்பில் தள்ளினால் வெட்டு முகத்தில் நுரை கட்டிச் சீறும், புகை கிளம்பும், சூடு ஏறாது. "தண்ணியத்தாம்மா எரிக்கிறோம்" என்பார்.

அது உண்மைதான். கொழுந்திலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாலு, நாலரைக் கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் வரும், மீதியெல்லாம் ஆவியாகப் போக வேண்டியது. கொஞ்சம் தொட்டியில் வாடும்போதே போய்விடும், மற்றதை ட்ரையரில் சூட்டைக் கொடுத்து விரட்ட வேண்டும். மழைக்காலத்தில் கொழுந்தும் நனைந்து வரும், விறகும் நனைந்து வரும். சராசரி போட்டால் எங்களிடம் ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு போகிறது. நீங்கள் குடிக்கும் ஒரு டம்ளர் டீக்கு இரண்டு மூன்று கிராம் தூள் என்றால், ஏறக்குறைய அதே எடைக்கு ஒரு மரத்துண்டு எங்கள் மலையில் எரிந்திருக்கும். நாலாயிரம் கிலோ ஓட்டும் நாளில் விறகு மட்டும் நாலு டன்னைத் தாண்டும்.

இதையெல்லாம் எழுத வைத்தவள் அக்கா மகள். கோயம்புத்தூரில் படிக்கிறாள். சூழலியல் தடம் கணக்கிடும் ஒரு இணையப் பக்கத்தை அனுப்பி, "சித்தி, நிரப்பிப் பாருங்க" என்றாள். வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் விமானத்தில் பறக்கிறீர்கள், எத்தனை முறை மாட்டிறைச்சி சாப்பிடுகிறீர்கள், வீடு எத்தனை சதுர அடி என்று கேள்விகள். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? நிரப்பி அனுப்பினேன்.

"சித்தி, நீங்க ஒரு பூமிக்குள்ளேயே அடங்கிட்டீங்க. நல்ல மார்க்!"

மார்க் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்கு மொத்தம் மட்டும் போதாது, எந்தப் பற்று எந்தத் தலைப்பில் ஏறியது என்று பார்த்தே ஆக வேண்டும். உட்கார்ந்து படித்தேன்.

கனடாவில் வான்கூவர் நகரத்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கணக்கு இது. ஒரு ஊர் எவ்வளவு நிலத்தில் இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி இல்லை. அந்த ஊருக்குச் சோறு, துணி, மரம் கொடுக்கவும் அது விடும் புகையை உறிஞ்சவும் எவ்வளவு நிலமும் கடலும் உழைக்கின்றன என்பதுதான் கேள்வி. அதை ‘உலக ஹெக்டேர்’ என்ற அலகில் சொல்கிறார்கள். பூமியால் தலைக்கு ஒன்றரை ஹெக்டேர் போலக் கொடுக்க முடியும், உலகம் சராசரியாக இரண்டரைக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் தலைக்கு ஒன்றைச் சுற்றித்தான். உலகத் தடத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்கும் புகையால் வருவது. 2025-ல் அந்த வருஷத்துக்கான பங்கை ஜூலை 24-ஆம் தேதியே தீர்த்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். மாசம் முடிவதற்குள் சம்பளம் தீர்வதை விளக்க எனக்கு யாரும் வேண்டாம்.

எனக்குப் பிடித்துப்போன இடம், இந்தக் கணக்கு நிலத்தைத் தேடிப் போவது. நானும் தேடிப் பார்த்தேன். தேயிலைக்காரர்களான நாங்கள் சாப்பிடுகிற எதையும் விளைவிப்பதில்லை. ரேஷன் அரிசி டெல்டா பக்கத்து வயல். பக்கத்தில் கேத்தி, பாலாடாவில் கேரட் போடுகிறவர்களுக்குக் கோழி எரு நாமக்கல் பக்கமிருந்து லாரியில் ஏறுகிறது. அந்தக் கோழிக்குத் தீனி மக்காச்சோளம், அது எந்த மாநிலத்துக் காடோ. உரத்தில் இருக்கும் பொட்டாஷ் ஏறக்குறைய முழுக்கக் கப்பலில் வருவது. மலையில் விளைந்த கேரட் கழுவி மூட்டையாகி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அதில் கொஞ்சம் திரும்ப மலையேறி எங்கள் கடைக்கே வருகிறது. (இந்தக் கூத்தை மாற்றச் சொன்னால் மண்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.)

கீழே இருக்கிறவர்களின் தடமும் எங்கள் மேல் கிடக்கிறது. பைக்காரா, குந்தா மின்சாரம் எங்கே போகிறது? அதைவிடப் பழைய கதை மரம். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறி வந்து, பின்னாலேயே வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் குடியேறினார்கள். குளிருக்கு எரிக்கப் பக்கத்துச் சோலைகளை வெட்டினார்கள். விறகுக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம், தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் இல்லை) கற்பூரமும் வந்தன. சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்கமே புல்வெளிகளில் ஏக்கர் கணக்கில் நட்டது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது, ரேயான் செய்யும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. ரேயான் புடவை கட்டிய யாருக்கும் அந்த நூலில் தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளி இருக்கிறது என்று தெரிந்திருக்காது. எங்கள் கதையும் இதில் சேர்த்திதான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது வனத்துறை நிலத்தில் நட்ட தேயிலை. அதற்கு முன் அங்கே என்ன நின்றது என்று தாத்தாவிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த இணையப் பக்கத்தோடு எனக்கு மனஸ்தாபம் வந்த இடம் இனிமேல்தான். வெவ்வேறு நிலத்தை ஒரே அலகுக்குக் கொண்டுவர ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள். பயிர் நிலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை, காட்டுக்கு ஒன்றேகால், மேய்ச்சல் நிலத்துக்கு அரைக்கும் குறைவு. அந்தக் கணக்கில் போட்டால், புல்வெளியில் சீகை நட்டதும் நீலகிரியின் வரவு கூடுகிறது. தேயிலை நட்டால் இன்னும் கூடுகிறது. மலை பணக்கார மலையாகிவிடும்! வெள்ளைக்காரன் புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்தானே, அதே எழுத்துத்தான் இது, இப்போது தசமப் புள்ளியோடு.

உண்மை வேறு. ஊட்டிப் பக்கம் க்ளென்மார்கனில் அரசு மண், நீர் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் கற்பூரம் நட்டு, ஓடும் நீரை வருஷக்கணக்காக அளந்தார்கள். மரம் வளர்ந்த பக்கத்தில் முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. மழை நின்ற பிறகும் புல்லுக்கும் சதுப்புக்கும் அடியிலிருந்து கசிந்து ஓடைக்கு வருமே, அந்தக் கோடைத் தண்ணீரிலும் கை வைத்துவிட்டது மரம். வரையாட்டுக்கு மேய இடம் சுருங்கியது. தோடர் கோயில் கூரை வேயச் சதுப்புப் புல் வேண்டும், அதைத் தேடி இன்று அலைய வேண்டியிருக்கிறது. இதில் ஒன்றுக்கும் அந்த நோட்டில் பத்தியே கிடையாது. உயிரினம் எத்தனை அழிந்தது, ஓடை எத்தனை மாசம் ஓடியது என்பதை எல்லாம் தடம் அளப்பதில்லை என்று அந்தக் கணக்கைப் போட்டவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் சரி, அது எதை அளக்கிறதோ அதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். மலையை அந்த மார்க்கைக் கொண்டு மதிப்பிட வேண்டாம்.

அப்படியென்றால் சீகையை எல்லாம் வெட்டி எறியலாமே என்று கேட்பார்கள். தமிழக அரசும் 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. வெட்டினால் எங்கள் மாதிரி பேக்டரிக்கு விறகு மலியும், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துவிட்டே கேளுங்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் சாகாமல் கிடக்கும். நெருப்பு பட்டால் இன்னும் நன்றாக முளைக்கும். மொத்தமாக வெட்டித் திறந்துவிட்டால் அடுத்த மழைக்கு முழங்கால் உயரத்துக்குச் சீகைக் கன்று பாய் விரித்து நிற்கும். பழனி மலையில் கொடைக்கானல் பக்கம் பழைய சீகைக் காட்டின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக வந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே சீகையை நிழலுக்கு விட்டுவைப்பதுதான் புத்தி. புல்வெளிக்குள் இப்போதுதான் நுழைகிற இளங்கன்றை வேரோடு பிடுங்கலாம், அதையும் வருஷா வருஷம் போய்ப் பிடுங்க வேண்டும். டெண்டர் விட்டு மார்ச்சுக்குள் முடிக்கிற வேலை இல்லை இது.

பேக்டரி பக்கம் என்ன செய்யலாம்? விறகுக்குப் பதில் கடலைத் தோல் கட்டிகள் போடலாம் என்று ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போனார். அது சமவெளியிலிருந்து டீசல் குடித்துக்கொண்டு ஏற வேண்டும், வயலுக்குப் போக வேண்டிய தோலும் வயலுக்குப் போகாது. தடம் குறைகிறதா இடம் மாறுகிறதா என்று எனக்குத் தீரவில்லை.

என் யோசனை அதைவிடச் சின்னது. விறகைப் பிளந்து, காற்று போக அடுக்கி, மேலே கூரை போட்டு ஆறு மாசம் காய விடுவது. பாதித் தண்ணீர் போய்விட்டால் அதே தூளுக்கு எத்தனை லாரி மிச்சம் என்று நோட்டிலேயே போட்டுக் காட்டினேன். முதலாளி பார்த்துவிட்டு, "ஆறு மாசத்து விறகுக்கு முன்பணம் யாரும்மா போடறது, மொதல்ல தூள் வெலை ஏறட்டும்" என்றார். தகர ஷீட்டுக்கு மேட்டுப்பாளையத்தில் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். குன்னூர் ஏலத்தில் எங்கள் தூள் மிச்சமில்லாமல் விற்கிற வாரம் பார்த்துத்தான் அதை நீட்ட வேண்டும்.