குமானோ: விலக்கு இல்லாத மலைவழி

ஜப்பானின் கீ தீபகற்பத்தில் கடலோரத்தை விட்டால் எங்கும் மலை. அந்த மலைநாட்டில் ஹோங்கு, ஹயதாமா, நாச்சி என்று மூன்று பெருங்கோயில்கள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து குமானோ சன்சான் என்பார்கள். அவற்றை நோக்கிச் செல்லும் பழைய நடைவழிகள்தான் குமானோ கோதோ. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மக்கள் நடந்த இந்தப் பாதைகளை 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோ-ஷிரகாவா என்ற பேரரசர் பதவி துறந்த பின் கியோத்தோவிலிருந்து முப்பது முறைக்கு மேல் இங்கே வந்திருக்கிறார். பின்னாளில் ஏழை எளியவர்கள் திரளாக வந்தார்கள். எறும்புச் சாரையாகப் போகும் யாத்திரை என்று ஜப்பானியரே இதைச் சொல்வார்கள்.

நான் போனது பேரரசர்களின் புகழைக் கேட்டு அல்ல. இசுமி ஷிகிபு என்ற பெண் கவிஞருக்கு இந்த வழியில் கிடைத்த ஒரு பதிலுக்காகப் போனேன்.

நாகாஹெச்சி என்னும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். தனாபே நகரிலிருந்து பஸ்ஸில் போய் தகிஜிரியில் இறங்கினால், இரண்டு ஆறுகள் சேரும் கூடுதுறையில் சிறிய கோயில் ஒன்று நிற்கிறது. குமானோவின் புனித எல்லை இங்கே தொடங்குகிறது. அந்தக் காலத்தில் இந்த நீரில் முழுகி எழுந்த பிறகே மலையில் கால் வைப்பார்களாம். நான் கைகால் கழுவி, தலையில் தெளித்துக்கொண்டேன். கோயிலின் முதுகை ஒட்டியே ஏற்றம் ஆரம்பிக்கிறது. வேர்கள் பின்னிக் கிடக்கும் செங்குத்தான பாதை. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது, வாய் தானாக நமசிவாய சொல்லத் தொடங்கியது.

சற்று மேலே ஒரு பாறை இடுக்கு. அதற்குள் தவழ்ந்து வெளியே வருவதைத் தாயின் வயிற்றிலிருந்து மறுபடி பிறப்பதாக நம்புகிறார்கள். பக்கத்திலேயே பால்பாறை. புஜிவாரா நோ ஹிதெஹிரா என்ற வடநாட்டுப் பிரபு, பிள்ளை வரம் தந்த குமானோ தெய்வத்துக்கு நன்றி சொல்ல நிறைமாத மனைவியோடு வந்தாராம். இந்த இடத்தில் பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையை இங்கேயே விட்டுவிட்டு மேலே நடக்கும்படி கனவில் கட்டளை. திரும்பி வந்தபோது, பாறையிலிருந்து சொட்டிய பாலைக் குடித்துக்கொண்டு, ஓநாய் காவலிருக்க, குழந்தை நலமாக இருந்ததாம். பெற்ற உடம்போடு, பிள்ளையைக் குகையில் விட்டுவிட்டு ஒருத்தி இந்த ஏற்றத்தை ஏறினாள் என்று கதை சொல்கிறது. பிரசவத் தீட்டு என்ற பேச்சே அதில் இல்லை. அந்தப் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வழிநெடுக ஓஜி என்னும் துணைக்கோயில்கள் வருகின்றன. மரபாக 99 என்று கணக்குச் சொல்வார்கள். சிலவற்றில் மரக்கோயில் இருக்கிறது. பலவற்றில் பாசி படர்ந்த ஒரு கல் மட்டும். ஒவ்வொன்றின் அருகிலும் மரப்பெட்டியில் முத்திரை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதை எடுத்துத் தங்கள் யாத்திரைத் தாளில் பதித்துக்கொள்கிறார்கள். வழிநடப்பவர்களைக் காக்கும் போதிசத்துவரான ஜிசோவின் சிலைகள், சிவப்புத் துணி கட்டி, அங்கங்கே நிற்கும். வழிநடையாக வந்து வழியிலேயே இறந்துபோனவர்களின் நினைவாக வைக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. அவற்றின் முன் நிற்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் காட்டைத் தொன்மையான காடு என்று நினைத்து வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்று வழியில் நிற்கும் சுகி மரங்களும் ஹினோகி மரங்களும் பெரும்பாலும் மரத்தொழிலுக்காக நட்டு வளர்த்தவை. உண்மையிலேயே பழைய மரங்களைப் பார்க்க சுகிசகுரா ஓஜிக்குப் போக வேண்டும். அங்கே நிற்கும் பெருமரங்களின் கிளைகள் எல்லாம் நாச்சி இருக்கும் தெற்குத் திசையை நோக்கியே நீண்டிருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு கோயில்களை ஒன்றாக இணைக்கும் அரசாணை வந்தபோது, கோயில் காடுகள் வெட்டுக்குப் போயின. தனாபேயில் வாழ்ந்த மினகாதா குமகுசு என்ற இயற்கை ஆய்வாளர் அதை விடாமல் எதிர்த்தார். இங்கே மிஞ்சியிருக்கும் மரங்கள் அந்தப் போராட்டத்தால் பிழைத்தவை. கோயில் என்பது கட்டடம் மட்டுமல்ல, அதைச் சூழ்ந்த மரமும் பூச்சியும் பாசியும் சேர்ந்ததுதான் என்று நம்பியவர் அவர். அவருக்கும் சேர்த்து அங்கே கும்பிட்டேன்.

ஹோங்கு கோயிலுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் ஃபுஷிஓகாமி என்ற மேடு. மலைகளுக்கு நடுவே, தொலைவில், ஹோங்கு இருக்கும் பள்ளத்தாக்கு முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் இது. நடந்து நடந்து வந்தவர்கள் இங்கே தரையில் விழுந்து வணங்கினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இசுமி ஷிகிபு இதே இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மாதவிலக்கு. கோயில் கண்ணெதிரே தெரிகிறது, போக முடியாது. அந்தத் துயரத்தைக் கவிதையாகச் சொல்லிவிட்டுப் படுத்தார். கனவில் குமானோ தெய்வம் கவிதையாலேயே பதில் சொன்னது: நான் இந்த உலகத்துப் புழுதியோடு கலந்து வாழும் தெய்வம், உன் மாதவிலக்கு எனக்கு என்ன தடை, வா.

நான் வளர்ந்த வீட்டில் மாதத்தில் மூன்று நாள் பூஜையறைப் பக்கம் போகக் கூடாது. பள்ளிப் பருவத்தில் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தபோது எனக்கு அந்த நாள் வந்துவிட்டது. எல்லோரும் தரிசனத்துக்குப் போக, நான் வெளியே பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தேன். அம்மா கொண்டுவந்த இலை விபூதியைக்கூடக் கையில் வாங்கவில்லை. அம்மா மீது எனக்குக் கோபம் கிடையாது. அவரும் அப்படி வெளியே உட்கார்ந்தவர்தான். ஃபுஷிஓகாமியில் இசுமி ஷிகிபுவின் நினைவுக்கல் இருக்கிறது. அதன் முன் விழுந்து கும்பிட்டபோது அழுகை வந்தது, அடக்கவில்லை.

இதே தீபகற்பத்தில் கோயாசான் மடங்கள் நெடுங்காலம் பெண்களை மலையில் ஏறவிடவில்லை. ஓமினே மலையின் சஞ்சோகதாகே சிகரத்துக்கு இன்றும் பெண்கள் போகக் கூடாது. அக்கம்பக்கத்து மலைகளில் அப்படியொரு வழக்கம் இருக்க, குமானோ மட்டும் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஹோங்கு கோயில் இப்போது மேட்டில் இருக்கிறது. முதலில் அது ஆற்றங்கரைத் திட்டில், ஓயுனோஹாரா என்ற இடத்தில் இருந்தது. 1889இல் வந்த பெருவெள்ளம் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. தப்பிய கட்டடங்களை மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் இன்று கோயில் இல்லை. 33.9 மீட்டர் உயரத் தோரணவாயிலும், உள்ளே புல்வெளியும், இரண்டு சிறு கல் சன்னதிகளும்தான் இருக்கின்றன. மேட்டுக் கோயிலில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்து முறைப்படி வணங்கினேன். ஆனால் நெஞ்சு நிறைந்தது கீழே, அந்த வெற்றுத் திட்டில்தான். 1274இல் இப்பென் என்ற துறவி அமிதாபப் புத்தரின் பெயர் எழுதிய சீட்டுகளை வழியில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று ஒருவர் வாங்க மறுக்க, இப்பென் கலங்கிப்போனார். ஹோங்குவில் தெய்வம் அவர் முன் தோன்றி, நம்புகிறவன் நம்பாதவன், தூய்மை தீட்டு என்று பார்க்காமல் கொடு என்றது.

பக்கத்து யுனோமினே கிராமத்தில் ஓடையோரம் ஒரு சின்ன வெந்நீர்க் குளியலறை, பெயர் சுபோயு. ஓகுரி என்ற வீரன் நஞ்சுண்டு இறந்து, கண் தெரியாமல், காது கேட்காமல், உருக்குலைந்த உடலோடு பூமிக்குத் திரும்பினான் என்பது கதை. அவனை ஒரு வண்டியில் கிடத்தி, ஒருமுறை இழுத்தால் ஆயிரம் துறவிகளுக்கு அன்னமிட்ட புண்ணியம் என்று எழுதி வைத்தார்கள். வழிப்போக்கர்கள் ஆளுக்குக் கொஞ்ச தூரம் இழுத்து அவனைக் குமானோ சேர்த்தார்கள். இந்த வெந்நீரில் கிடந்து அவன் பழைய உடலைப் பெற்றான். தொழுநோயாளிகளும் நடக்க இயலாதவர்களும் இந்தக் கதையை நம்பி வந்தார்கள். முன்பின் தெரியாத யாரோ அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஹோங்குவிலிருந்து நாச்சிக்கு மலை தாண்டிப் போக வேண்டும். கோகுச்சி கிராமத்தைக் கடந்ததும் ஒரு பெரும்பாறை, மேலெல்லாம் பாசி. அதில் மூன்று பீஜாட்சரங்கள் செதுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து போன சித்தம் லிபி. அமிதாபர், மருத்துவப் புத்தர், கருணையின் போதிசத்துவரான அவலோகிதர் ஆகிய மூவருக்கும் ஆளுக்கு ஓர் எழுத்து. இந்த மூவரின் வடிவமாகவே கருதப்படும் குமானோ தெய்வங்கள் மூவரும் இங்கே உட்கார்ந்து பேசுவார்களாம். அதற்கு மேல் எண்ணூறு மீட்டர் ஏற்றம், இந்த வழியிலேயே கடினமான பகுதி. இறந்துபோன சொந்தக்காரர்கள் இந்த ஏற்றத்தில் எதிரே வருவார்கள் என்று உள்ளூரில் நம்பிக்கை உண்டு. நான் அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

நாச்சி அருவி 133 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அங்கே அருவியே மூலவர். பக்கத்தில் இருக்கும் செய்கான்தோஜி, 33 கன்னோன் தலங்களில் முதலாவது. கன்னோன் என்பது அவலோகிதர்தான். இந்தியாவிலிருந்து கடலில் மிதந்து வந்து கரையேறிய ஆடையற்ற துறவி ஒருவர் அருவியடியில் தவம் செய்து இந்தத் தலத்தைத் தோற்றுவித்ததாகத் தலபுராணம் சொல்கிறது.

கீழே கடற்கரையில் ஃபுதராகுசன்ஜி என்ற எளிய கோயில். அவலோகிதர் வாழும் மலை தென்திசையில், கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று நம்பிய துறவிகள் 868 முதல் 1722 வரை ஏறத்தாழ இருபது முறை இங்கிருந்து படகேறினார்கள். படகின் சிற்றறைக்குள் சில நாள் உணவோடு உட்கார, வெளியிலிருந்து ஆணி அடித்து மூடிவிடுவார்கள். திரும்பி வருவதற்கான பயணம் அல்ல அது. காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், அந்த மலை இந்தியாவின் தென்கோடியில் மலய மலைக்குக் கிழக்கே இருப்பதாக எழுதியிருக்கிறார். அது நம் பொதிகைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்று 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் சொல்வதும் இதோடு சேர்கிறது.

அந்தப் படகின் மாதிரி ஒன்றைக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் மனம் பதறியது. அந்த நோன்பை என்னால் ஏற்க முடியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் கொன்கோபு என்ற துறவி உயிராசையால் படகிலிருந்து தப்பிக் கரையேறினாராம். கூட வந்தவர்கள் அவரைப் பிடித்துக் கடலில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு இறந்த துறவிகளின் உடலை மட்டுமே அனுப்பியதாகச் சொல்கிறார்கள். நம்பாதவனுக்கும் கொடு என்று சொன்ன தெய்வத்தின் மண்ணில், பயந்துபோன ஒரு மனிதரை மனிதர்கள் கரையேற விடவில்லை.

கோயில் வளாகத்தில் படகேறியவர்களின் பெயர்கள் செதுக்கிய கல் இருக்கிறது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்ட, தமிழில் எழுதிக்கொண்டேன். தை மாதம் பாபநாசம் போகிறேன். பொதிகையைப் பார்த்தபடி தாமிரபரணியில் இறங்கி அத்தனை பெயர்களையும் சொல்லி நீர் விடுவேன், முதலில் கொன்கோபுவுக்கு.