மாமாவின் ஸ்வெட்டரும் மலை ரயிலும்

நேற்று விடிந்தும் விடியாத வெலிங்டன் குளிரில் நடைக்குக் கிளம்பிய மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, தம் பழுப்பு ஸ்வெட்டரின் ஜிப்பை மேலே இழுக்க முயன்று, அதில் ஒரு பக்கப் பற்கள் மட்டுமே மிஞ்சியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். மறு பக்கம் போன இடம் வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். அது கூடத்தில் நான் செய்துகொண்டிருக்கும் நீலகிரி மலை ரயில் மாதிரியின் ஆறடிப் பலகை மீது, கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஒட்டப்பட்டிருந்தது.

என் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டர் மலைப் பாதையை, என் பொம்மை எஞ்சினின் அளவுக்கேற்ப 87 மடங்கு சுருக்கினாலும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நம் வீட்டுச் சமையலறையில் புறப்படும் ரயில் யார் வீட்டுத் தேயிலைத் தோட்டத்தில் போய் நிற்குமோ தெரியாது. ஆகவே எஞ்சினின் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறும் பல் தண்டவாளம் உள்ள ஏற்றத்தை மட்டும் செய்வதென்று, வரவர எளிமையாகிக்கொண்டே வந்த என் திட்டம் முடிவுக்கு வந்தது. அங்கே ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று. ஆறடிப் பலகையின் ஒரு முனையை அரையடி தூக்க வேண்டும். தூக்கினேன். எவர்சில்வர் அரிசி டப்பா உதவியது. எஞ்சின் ஒரு சாண் ஏறி, சக்கரங்கள் மட்டும் சுழல, அப்படியே பின்னோக்கி வழுக்கி வந்து டப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தது.

“நம் வீடு குன்னூருக்கு மேலே இருக்கிறது. குன்னூருக்கு மேலே பல் தண்டவாளமே கிடையாது, டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. அதைச் செய்தால் என் டப்பா எனக்குக் கிடைக்கும் அல்லவா?” என்றாள் மனைவி. பிரேக்ஸ்மேன் வீட்டில் பெண் எடுத்தால் இப்படித்தான், வாதத்துக்கு இடமே வைக்க மாட்டார்கள்.

பல்சக்கரம் அவளுடைய அலாரம் கடிகாரத்திலிருந்து கிடைத்தது. (பேட்டரி தீர்ந்ததால்தான் அது நின்றது என்று அவள் இன்றுவரை நம்புகிறாள்.) அதற்கேற்ற சிறு பற்கள் வரிசையாக உள்ள பொருளைத் தேடி வீடு முழுவதும் அலைந்த பிறகே, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஸ்வெட்டர் கண்ணில் பட்டது. உலோக ஜிப். அந்தக் காலத்துத் தரம். எஞ்சின் இப்போது ஏறியது; ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு விக்கல் விக்கி, பாதி வழியில் பிடிவிட்டு இறங்கியது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்; இதே மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவராக முகப்பு மேடையில் நின்று, எஞ்சினின் ஊதலுக்கு ஏற்ப பிரேக் போட்டு வாழ்ந்த மனிதர். இன்றும் மாடிப்படி இறங்கும்போது கை தானாக எதையோ பிடித்துத் திருகும். பொம்மை ரயில்களை அவர் மதித்ததே இல்லை. திறந்த மார்போடு கூடத்துக்கு வந்து, பலகையைப் பார்த்து, குனிந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்தார். நான் மன்னிப்புக்கான முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“மாப்பிள்ளை, ஒற்றைப் பட்டையை வைத்தால் எப்படி ஏறும்? ஆப்ட் முறையில் பட்டை இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். பிடி ஒரு கணமும் விடாது. ஜிப்பும் அதேதானே?”

சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட்டின் முறையைப் படங்களோடு மூன்று மாதம் படித்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை. மாமா கத்தரிக்கோல் கேட்டார். மிச்சமிருந்த பாதியைத் தாமே வெட்டி, அரைப் பல் தள்ளிப் பக்கத்தில் வைத்து ஒட்டினார். எஞ்சினைப் பெட்டிகளுக்குப் பின்னால் மாற்றிப் போட்டார். மேலே ஏறும்போது அது தள்ளத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. இரண்டு பெட்டிகளோடு ரயில் விக்காமல் அரிசி டப்பா வரை ஏறிற்று. அவர் வலது கை காற்றில் எதையோ மெல்லத் திருகி நிறுத்தியது.

இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். ஸ்வெட்டரை நான்கு ஊக்குகளால் பூட்டிக்கொண்டு, பலகையருகே நின்று, ஊதல் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று என்னை எழுப்பினார். ஊதலுக்குக் குக்கரின் விசில் கழற்றப்பட்டிருக்கிறது. மனைவி இன்னும் எழவில்லை.