10 ரூபாய் போக்ஸ் கம்பிக்கு 1,500 ரூபாய் வாடகையா?

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். சென்னை–புதுச்சேரி ஈசிஆர் சைக்கிள் பயணத்தைப் பாதை, சாப்பாடு, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் பேச்சு. இப்போதைக்கு மனசு முழுக்கப் பின்சக்கரம்தான் சுற்றுகிறது. அதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

மாமல்லபுரம் வரை சொல்ல ஒன்றுமில்லை. கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், அதுவும் சுகமே. அதற்கப்புறம் நாலு வழிச் சாலை வேலை: சுரண்டிய தார், ஜல்லி, சொல்லாமல் கொள்ளாமல் வரும் பள்ளம். கேரியரில் 14 கிலோ மூட்டை. கடப்பாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியதும் ‘டங்’ என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்று நினைத்து மிதித்தால், சுற்றுக்கு ஒருமுறை ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறது. வலப்பக்கம், ஃப்ரீவீலுக்கு (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கட்டு) பின்னால், ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) மாட்டும் வளைவிலேயே போக்ஸ் கம்பி ஒடிந்திருந்தது.

பள்ளத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒடிந்த முனையைக் கையில் வைத்துப் பார்த்தால், பாதி கறுத்துக் கிடக்கிறது, மீதி பளபளக்கிறது. கறுத்த பாதி முன்பே விட்டிருந்த விரிசல். பள்ளம் ஒடித்தது பளபளக்கும் பாதியை மட்டும்தான். சக்கரம் சுற்றும்போது தரைக்கு வரும் கம்பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி விறைக்கும். எங்கள் சைக்கிளின் 700சி அளவுச் சக்கரம் கிலோமீட்டருக்குச் சுமார் 460 சுற்று. கம்பி ஏற்கெனவே தொளதொளவென்று இருந்தால் இந்த இழுபறி அந்த வளைவில்தான் போய் உட்காரும். கம்பியை ஒடிப்பது பெரும்பாலும் தொய்வுதான். செயின் ஒருமுறை உள்பக்கம் விழுந்து கீறியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

வந்த பஸ் எதிலும் சைக்கிளை ஏற்றவில்லை. ஒரு குட்டி யானை நின்றது. மரக்காணத்துக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் இருக்கும், டிரைவர் வாய் கூசாமல் 1,500 கேட்டார். 500க்குக் கேட்டால், “வெயில்ல தள்ளிட்டுப் போங்க” என்று சிரிப்பு வேறு. தள்ளவே தேவையில்லை, ஓட்டிக்கொண்டே போகலாம் என்பது அவருக்குத் தெரியாது.

32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் இப்படிச் செய்யுங்கள். ஒடிந்த கம்பியை நிப்பிளிலிருந்து (கம்பியை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டு) சுழற்றிக் கழற்றிவிடவும். கழற்ற வரவில்லையென்றால் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டவும், தொங்க மட்டும் விடக்கூடாது. வலக்கம்பி ஒடிந்தால் ரிம் இடப்பக்கம் இழுபடும். அந்த இடத்துக்கு இருபுறமும் இருக்கும் இடக்கம்பிகள் இரண்டையும் முக்கால் சுற்று தளர்த்தினால் கோட்டம் பாதிக்குமேல் குறையும். டயர் பக்கமிருந்து நிப்பிளைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் கடிகாரச் சுற்று இறுக்கும், எதிர்ச்சுற்று தளர்த்தும். ஹப் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்கு இது தலைகீழ். பாதிப் பேர் சொதப்புவது இங்கேதான், கோட்டம் எடுக்கப் போய் சக்கரத்தை அப்பளமாக்குவார்கள். அப்படியும் உரசினால் பின்பிரேக்கை விடுவித்து, மூட்டையை இன்னொரு சைக்கிளுக்கு மாற்றி, மெதுவாகப் போகலாம். முன்பிரேக் ஒன்றுதான் என்பது நினைவிருக்கட்டும்.

நிப்பிள் சாவி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நிப்பிள்கள் 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று வரும். பார்க் டூல் சாவிகளில் அவை முறையே கறுப்பு, பச்சை, சிவப்பு. பல ஓட்டை போட்ட வட்டச் சாவியை நம்பினால் நிப்பிளின் முனை மழுங்கி, அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது. உப்புக்காற்று ஊரில் துரு ஏறிய நிப்பிளுக்கு முதலில் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் பொறுமை, பிறகு சாவி.

மரக்காணத்தில் உப்பளம் இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியலாக மின்னுகிறது. அழகுதான், ஆனால் முலாம் பூசிய கம்பிக்கு எமன். ஊருக்குள் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவரின் கடை. அவரிடம் இருந்தது பழைய கறுப்பு சைக்கிளின் கம்பிகள், முன்சக்கரத்துக்கு 32, பின்னுக்கு 40 என்று வருமே, அந்த ரகம். எங்களுக்கு நீளம் அதிகம். வெட்டிக் குறைக்கவும் முடியாது, மரை முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், வெட்டினால் மரையே போய்விடும். அவர் மரைப்பக்கத்தை விட்டுவிட்டுத் தலைப்பக்கத்தை நறுக்கினார். பக்கத்து வலக்கம்பியோடு ஒட்டிப்பிடித்து அளந்து, முனையைக் குறடால் ஒரு மடக்கு, நாலு மி.மீ. தள்ளி எதிர்ப்பக்கம் இன்னொரு மடக்கு. அந்தக் கொக்கியை ஃப்ரீவீலைக் கழற்றாமலே ஹப் ஓட்டைக்குள் நுழைத்துத் திருப்பிவிட்டார்! மறுமுனையை ரிம்மில் இருந்த பழைய நிப்பிளிலேயே ஏற்றியதால் டயரையும் பிரிக்கவில்லை. இரண்டுமே 14 கேஜ், அதாவது 2 மி.மீ., அதனால் மரை பொருந்தியது. 13 கேஜ் என்றால் ஏறியிருக்காது. கூலி 40 ரூபாய். “பாண்டி வரைக்கும் தாங்கும் தம்பி, அதுக்கு மேல கேக்காதீங்க” என்றார்.

கடைக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் மீன் சாப்பாடு. இதைச் சொல்லாமல் போனால் பாவம். முதல் நாள் வைத்த சங்கராக் குழம்பு, புளி நன்றாக ஊறி, மேலே எண்ணெய் மிதக்க. நெத்திலி வறுவல் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. ஆளுக்கு 150. மாமல்லபுரத்தில் இரண்டு இட்லிக்கும் ஒரு வடைக்கும் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கொக்கிக் கம்பி புதுச்சேரி வரை தாங்கியது. அங்கே ஒரு பெரிய கடையில் சக்கரத்தைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், “மொத்த வீலையும் மாத்திடுங்க, 2,400” என்றார்கள். ஒரு கம்பிக்கு எதற்கு முழுச் சக்கரம்? நிப்பிள் ஓட்டையைச் சுற்றி ரிம்மில் விரிசல் இருந்தாலோ, பிரேக் உரசும் சுவர் தேய்ந்து குழிந்திருந்தாலோ ரிம்மை மாற்றலாம். ரிம் நன்றாக இருந்து கம்பிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்தால், எல்லாம் ஒரே வயசு என்று அர்த்தம். 32ஐயும் மாற்றிப் பின்னச் சொல்லுங்கள். அப்போதும் ஹப், ரிம் பழையதே போதும்.

எங்களுக்கு வேண்டியது 290 மி.மீ. வலக்கம்பி ஒன்று. நீளத்தை வளைவின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை அளக்க வேண்டும். இடப்பக்கம் 292, மாற்றி வாங்கிவிடாதீர்கள். நீளம் கூடினால் நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தும். குறைந்தால் மரை இரண்டு சுற்றுத்தான் பிடிக்கும், அடுத்த பள்ளத்தில் நிப்பிள் உடையும். மூன்று கம்பி 30 ரூபாய், ஃப்ரீவீல் கழற்றும் 12 பல் டூல் 250. ஊர்ப்பக்கக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைப் பல்சக்கரத்துக்கான டூல், கியர் சைக்கிளுக்குச் சேராது. உளியும் சுத்தியலும் எடுத்தால் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். கேசட் (பல்சக்கரங்கள் மட்டும் தனியாகக் கழன்று வரும் ரகம்) வைத்த சைக்கிளென்றால் அதன் பூட்டு வளையத்தைக் கழற்றும் லாக்ரிங் டூலும், பல்சக்கரம் சுழலாமல் பிடிக்கும் செயின் சாட்டையும் வேண்டும்.

டூல் இருந்தும் கையால் ஆகாது, மிதித்து மிதித்து அவ்வளவு இறுகியிருக்கும். லேத் பட்டறையில் வைஸ் இருக்கும், 50 ரூபாய் கொடுத்தோம். டூலை ஃப்ரீவீலில் செருகி, நழுவாமல் இருக்க ஆக்சில் நட்டை லேசாகப் போட்டு, டூலை வைஸில் கடிக்கவைத்து, சக்கரத்தையே ஸ்டீயரிங் மாதிரி இடப்பக்கம் திருப்பணும். ‘கிரக்’ என்று விட்டதும் நிறுத்தி முதலில் நட்டைக் கழற்றணும். மறந்து மேலும் திருப்பினால் ஆக்சில் காலி.

புதுக் கம்பி எந்த வழியாகப் போகணும் என்று குழம்பினால் அதே பக்கத்தில் ஒன்று விட்டு அடுத்த கம்பியைப் பாருங்கள். அது எப்படிப் போகிறதோ அப்படியே இதுவும்: முதல் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கு ஒரு பக்கம், மூன்றாவதற்கு மறுபக்கம். பிறகு தளர்த்திய இரண்டையும் அதே முக்கால் சுற்று திரும்ப இறுக்கி, புதியதை வலப்பக்கத்து மற்றக் கம்பிகளைத் தட்டினால் வரும் அதே சுதிக்குக் கொண்டுவந்து, அப்புறம் கால் கால் சுற்றாகக் கோட்டம் எடுக்கணும். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டால் பிரேக் கட்டையே அளவுகோல். கடைசியாக இணையாகப் போகும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்திவிட்டால் ‘டிக் டிக்’ என்று முறுக்கு விடும். கோட்டத்தை மறுபடி ஒருமுறை பார்க்கணும்.

புதுக் கம்பி முதல் 30 கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும். திரும்பும் வழியில் மரக்காணத்தில் நிறுத்திக் கால் சுற்று இறுக்கினோம். மிச்சம் இரண்டு கம்பியும் செயின் பக்கத்துக் குழாயில் டேப் ஒட்டி வந்தன. எதிரே கொட்டகையில் நெத்திலி தீர்ந்துபோயிருந்தது.